பட்டு இழையின் உள்ளே: நுண்ணோக்கி காட்டும் உண்மைகள்

முன்னுரை

தமிழர் வாழ்வில் பட்டுக்கு இருக்கும் இடம் நான் சொல்லித் தெரியவேண்டியது அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலையிலேயே பட்டாடை பற்றிய குறிப்பு வருகிறது. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரை வருணிக்கும்போது பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூன்றையும் கொண்டு நெய்கிற காருகர் வாழ்ந்த இருக்கைகளைச் சொல்கிறார். துணி வேதியியல் படித்தவன் கண்ணுக்கு இந்த வரிசையே ஒரு பாடம். பட்டும் மயிரும் விலங்கு தரும் புரதம். பருத்தி செடி தரும் செல்லுலோஸ். இன்றைக்கு ஒரு துணி ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்: இது புரதமா, செல்லுலோஸா? அந்தக் காலத்தில் இல்லாத மூன்றாவது ஒன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. அது பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியெஸ்டர், நைலான் வகை.

நான் மும்பையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணிப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சயானில் குடியிருக்கிறேன். தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதம் வந்துவிட்டால் போதும். அக்கம்பக்கத்தில் இருந்து யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, இது நெசப் பட்டுதானா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன், எப்படி என்று சொல்ல ஒரு கட்டுரையே வேண்டும். அதைத்தான் நம் சங்க மலர் வாசகர்களுக்கு எழுத முயன்றிருக்கிறேன்.

இந்தப் பொருளைப் பற்றி எழுத சயானைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் 1924-இல் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. வி.ஜே.டி.ஐ., வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய இரண்டும் அங்கேதான். பட்டுக்கும் செயற்கைப் பட்டுக்கும் என்றே 1950-இல் உருவான 'சஸ்மிரா' ஆய்வுச் சங்கம் வொர்லியில் இருக்கிறது. சென்ட்ரல் ரயிலில் கல்யாண் தாண்டி ஷஹாடில் இறங்கினால் ரேயான் ஆலை. இத்தனையும் நம்மைச் சுற்றி இருந்தும், கல்யாணப் புடவை வாங்கும்போது நாம் நம்புவது கடைக்காரர் வாய்ச்சொல்லைத்தான்!

புழு எப்படி நூற்கிறது?

முசுக்கொட்டை இலை தின்று வளரும் பட்டுப்புழுவின் உடலுக்குள் இரண்டு நீண்ட சுரப்பிகள் உண்டு. அவற்றில் தேன் போலக் கெட்டியான ஒரு புரதக் கரைசல் நிறைந்திருக்கும். நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம், மீதி தண்ணீர். இரண்டு சுரப்பிகளின் குழாய்களும் புழுவின் வாய்க்குக் கீழே ஒரே துளையில் வந்து சேர்கின்றன. புழு முதலில் ஒரு துளி இழையை எதிலாவது ஒட்டிவிட்டு, பிறகு தலையை எட்டுப் போல ஆட்டிக்கொண்டே போகும். அதாவது, நூலை அது வெளியே தள்ளுவதில்லை. ஒட்டிய நூலிலிருந்து தன் தலையை இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பில்தான் கரைசலில் இருந்த புரதச் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசைப்பட்டு, தண்ணீர் விலகி, திடமான இழையாகின்றன. கொதிக்கிற உலை இல்லை, அமிலத் தொட்டி இல்லை. சாதாரண அறை வெப்பத்தில், தண்ணீரில் நடக்கிற காரியம் இது.

இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். நல்ல ரகக் கூடு ஒன்றில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு அறுபடாத ஒரே இழை இருக்கும். சயான் ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு!

சுரப்பி இரண்டு என்பதால் கூட்டிலிருந்து வரும் இழையும் உண்மையில் இரட்டை. உள்ளே 'ஃபைப்ராயின்' என்ற புரதத்தாலான இரண்டு மெல்லிழைகள். அவற்றைச் சேர்த்து ஒட்டி மூடியிருக்கும் பசைக்கு 'செரிசின்' என்று பெயர். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பசைதான். கச்சாப் பட்டு சொரசொரப்பாக, மங்கலாக இருப்பதற்குக் காரணம் அதுவே. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டுப் பசையை எடுத்தபின்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பும் வழுவழுப்பும் வருகின்றன. சாயம் போடுவதற்கு முன் இந்த வேலை நடக்கும். ஒரு கிலோ நூல் முக்கால் கிலோவாகக் குறைவதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் "யாரோ திருடிட்டாங்க" என்றே நினைப்பார்கள்.

முக்கோண இழையின் மினுமினுப்பு

இழையின் குறுக்குவெட்டைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சிறு துளை போட்ட உலோகத் தகட்டில் இழைக் கற்றையை இறுக்கமாக இழுத்து, இரண்டு பக்கமும் சவர பிளேடால் சீவிவிட வேண்டும். தகட்டின் கனத்துக்கு மட்டும் இழைத் துண்டுகள் துளைக்குள் நிற்கும். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் போதும்.

பசை நீக்கிய பட்டின் மெல்லிழை 10 முதல் 13 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. நம் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். இரண்டு முக்கோணங்களும் தட்டையான பக்கத்தால் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதைப் பசை நீக்காத இழையில் காணலாம்.

இந்த முக்கோணம்தான் பட்டின் அழகுக்கு மூலம். தட்டையான பக்கங்கள் சிறு கண்ணாடிகள்போல் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் எல்லா இழையும் ஒரே அளவில் இல்லை. ஒரே இழைகூட நீளம் முழுக்க ஒரே தடிமனில் இருப்பதில்லை. புழு ஓர் உயிர்தானே, இயந்திரமா? அதனால் ஒளி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, கண்ணை உறுத்தாத மினுமினுப்பு கிடைக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த புடவையை அசைத்தால் நிறம் மாறி மாறித் தெரியும் அல்லவா? அந்த மாயத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

எல்லாப் பட்டும் முக்கோணம் அல்ல. மத்திய இந்தியக் காடுகளில் கிடைக்கும் டசர் பட்டின் இழை தட்டையாக, ஆப்பு வடிவில், இன்னும் அகலமாக இருக்கும். நீளவாக்கில் கோடுகளும் உள்ளே நுண்ணிய குழல் போன்ற வெற்றிடங்களும் உண்டு. அஸ்ஸாமின் முகா, எரி வகைகளும் அதே காட்டுப்பட்டுக் குடும்பம். முசுக்கொட்டை, டசர், முகா, எரி ஆகிய நான்கையும் உற்பத்தி செய்யும் நாடு உலகில் இந்தியா ஒன்றுதான்.

இன்னும் உள்ளே: கொசுவமும் இடியாப்பமும்

ஒளி நுண்ணோக்கியால் இதற்கு மேல் போக முடியாது. இழைக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிய எக்ஸ் கதிர் வேண்டும். 1920-களில் ஜெர்மனியில் பட்டு இழை வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது, படிகங்களில் வருவதைப் போன்ற ஒழுங்கான புள்ளிகள் படத்தில் விழுந்தன. மெத்தென்று இருக்கும் பட்டுக்குள் படிகமா என்று வியந்தார்கள். 1955-இல் அமெரிக்காவில் மார்ஷ், கோரி, பாலிங் ஆகியோர் அதன் அமைப்பைத் தெளிவாக விளக்கினார்கள்.

ஃபைப்ராயின் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்றே மூன்று. மூன்றும் உருவத்தில் சின்னவை. பெரிய கிளைகள் நீட்டிக்கொண்டு இல்லாததால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படுக்க முடிகிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டிப்போடுகின்றன. இப்படி உருவாகும் தகடு சமதளமாக இருக்காது. புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். இந்தக் கொசுவத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பதே பட்டுப் படிகம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் கிடைக்கும் நானோமீட்டரில், சில நானோமீட்டர் அளவே உள்ள படிகங்கள் இவை.

படிகங்களுக்கு இடையில் சங்கிலிகள் ஒழுங்கில்லாமல் இடியாப்பம்போலப் பின்னிக் கிடக்கின்றன. படிகம் பலத்தைத் தருகிறது. இடியாப்பப் பகுதி வளைந்து கொடுக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று மட்டும் இருந்தால் பட்டு ஒடியும், அல்லது தொய்ந்துபோகும். சாயம் புகுவதும், வியர்வை ஈரத்தை இழை உறிஞ்சிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த இடியாப்பப் பகுதியில்தான்.

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இடமுண்டு, எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட அந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்களின் பாடம். பட்டின் கொசுவத் தகடு அந்த வரைபடத்தின் மேல் இடது மூலையில் வந்து அமர்கிறது. தோலில் உள்ள கொலாஜன் புரதத்தின் மூன்று புரி அமைப்பை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கண்டுசொன்னவரும் அவரே.

மனிதன் செய்த பட்டு

1665-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், நுண்ணோக்கியில் கண்டதையெல்லாம் தொகுத்து 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலை வெளியிட்டார். பட்டுப்புழு செய்வதுபோல ஒரு பசையைக் காய்ச்சி இழுத்தால் நாமும் பட்டு செய்யலாமே என்று அதிலேயே எழுதிவிட்டார். அது நடக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1884-இல் பிரான்சின் ஷார்டொனே செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் மாற்றி ஓர் இழை செய்தார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அதை எல்லோரும் அதிசயித்தார்கள். ஆனால் அது சுலபமாகத் தீப்பிடிக்கும். 1892-இல் ஆங்கிலேயர் கிராஸும் பெவனும் கண்ட 'விஸ்கோஸ்' முறையே நிலைத்தது. அதற்குத்தான் பிற்பாடு ரேயான் என்று பெயர்.

மரக்கூழை எரிசோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்தால் ஆரஞ்சு நிறப் பாகு கிடைக்கும். இடியாப்ப அச்சுபோல நுண்துளைகள் கொண்ட மூடி வழியாக அந்தப் பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவார்கள். அமிலம் பட்டதும் இழையின் வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு மெதுவாக இறுகிச் சுருங்கும். தோல் பெரிசு, உள்ளடக்கம் சிறிசு. காய்ந்த நெல்லிக்காய்போல ஓரமெல்லாம் மடிந்துவிடுகிறது. ஆகவே ரேயானின் குறுக்குவெட்டு பல் பல்லாக இருக்கும். நீளவாக்கில் பார்த்தால் இழை நெடுகக் கோடுகள் ஓடும். பட்டையும் ரேயானையும் பிரித்தறிய நுண்ணோக்கிக்கு ஒரு நிமிடம் போதும்.

பாலியெஸ்டர் வேறு கதை. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் இருவரும் கண்டது. உருக்கிப் பிழிவது என்பதால் துளை எந்த வடிவமோ ஏறக்குறைய அந்த வடிவம்தான் இழைக்கும். வட்டத் துளையில் வட்ட இழை, கண்ணாடிக் குச்சிபோல வழவழவென்று இருக்கும். பட்டின் முக்கோண ரகசியம் தெரிந்த பிறகு, மூன்று இதழ்கொண்ட துளையில் பிழிந்து அதே மினுக்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் எல்லா இழையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்பைக் குறைக்க டைட்டானியம் டைஆக்சைடு தூள் சேர்த்திருந்தால், இழைக்குள் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். எந்தப் புழுவின் பட்டிலும் அந்தப் புள்ளிகள் இருக்காது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஆர்ட் சில்க்' என்பதைக் கலை வேலைப்பாடு உள்ள பட்டு என்று எண்ணி வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது 'ஆர்டிஃபிஷியல் சில்க்' என்பதன் சுருக்கம். அதாவது செயற்கைப் பட்டு. கலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

வெள்ளம் வைத்த பரீட்சை

26 ஜூலை 2005-ஐ மும்பைக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சயானிலும் தாராவியிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு மதினியின் டிரங்குப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து துணிகளை எடுத்துப் பிழிந்தோம். ரேயான் புடவைகள் இரண்டு, முறுக்கிய இடத்தில் தாள்போலக் கிழிந்தன. அவருடைய கல்யாணக் காஞ்சிபுரத்தில் சாயம் இறங்கி உடலெல்லாம் திட்டு. ஆனால் இழை அறுபடவில்லை.

"எல்லாம் ஒரே தண்ணியிலதான கெடந்துச்சு, இது மட்டும் ஏன் கிழியுது?" என்று மதினி கேட்டார். பதில் இழைக்குள் இருக்கிறது. ரேயானில் செல்லுலோஸ் சங்கிலிகள் பருத்தியில் உள்ளதைவிட மிகவும் குட்டை. படிகப் பகுதியும் குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்து சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்திவிட, நனைந்த ரேயான் தன் பலத்தில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. பட்டின் கொசுவப் படிகத்துக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை. இடியாப்பப் பகுதி மட்டும் நனைவதால் ஐந்தில் ஒரு பங்கு அளவே பலம் குறையும். காய்ந்ததும் அது திரும்பிவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் பலமாகும். எனவே ரேயான் துணியை ஈரத்தில் முறுக்கிப் பிழியாதீர்கள்.

ஏமாற்றமும் இழப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மகளின் கூரைப்புடவையைக் கொண்டுவந்தார். முழு வருஷச் சேமிப்பைப் போட்டு வாங்கியது. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது. முந்தானை ஓரத்திலிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். பாவு நல்ல பட்டு. ஊடை பாலியெஸ்டர். கடையில் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு நூலை உருவி எரித்தும் காட்டியிருக்கிறார்கள். எரித்துக் காட்டியது பாவு நூலை! பில்லில் 'சில்க் சாரி' என்று மட்டும் இருந்தது. 'ப்யூர்' என்ற சொல் இல்லை. பணம் திரும்பவில்லை. பெண் அதே புடவையில்தான் மணவறையில் உட்கார்ந்தாள்.

இதில் ஏமாந்தது அந்தக் குடும்பம் மட்டும் அல்ல. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் கோர்வை போட்டுக் கையால் நெய்கிறவர், ஒரு புடவைக்கு நாட்கணக்கில் தறியில் குனிந்திருக்கிறார். அவருக்குப் போகவேண்டிய விலை இன்னொரு பொருளுக்குப் போய்விடுகிறது. அவர் பிள்ளை தறியை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகச் செயற்கைப் பட்டைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். பட்டு வாங்க வழியில்லாத லட்சக்கணக்கான வீடுகளில் திருநாளுக்கு மினுக்கம் தந்தது அதுதான். அதன் பெயரை மறைத்து விற்பதே குற்றம். எந்த இழைக்கும் ஒரு விலையும் இருக்கிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏழு கிலோ அளவில் கூடுகள் வேண்டும், அத்தனையும் உள்ளே புழுவோடு வெந்நீரில் போகும். கார்பன் டைசல்ஃபைடு ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பும் மனநிலையும் கெடும் என்பதை 1856-லேயே பாரிஸ் மருத்துவர் டெல்பெக் எழுதினார். பவானி ஆற்றங்கரையில் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையால் ஆறு மாசுபட்ட கதை கோவைப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆலை இன்று இல்லை. பாலியெஸ்டரோ மண்ணில் மக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

நுண்ணோக்கி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் கீழ்க்கண்டவற்றை யாரும் செய்யலாம்.

முதலாவது, எரிசோதனை. பாவில் ஒரு நூல், ஊடையில் ஒரு நூல் என இரண்டும் எடுக்கவேண்டும். சரிகை நூல் கூடாது. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும், கரி விரலில் பொடியாகும். ரேயான் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும்.

இரண்டாவது, ப்ளீச் சோதனை. துணி வெளுக்கிற குளோரின் திரவத்தில் நூலைப் போட்டு வையுங்கள். புரதமான பட்டு சிறிது சிறிதாகக் கரைந்து மறைந்துவிடும். ரேயானும் பாலியெஸ்டரும் அப்படியே கிடக்கும். பட்டுப் புடவைக் கறைக்கு ப்ளீச் போடவே கூடாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, வாங்கும்போதே கவனிப்பது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-இல் தொடங்கிய 'சில்க் மார்க்' சீட்டு புடவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் 'ப்யூர் சில்க்' என்று எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

இருக்கிற பட்டைக் காப்பதற்கும் இரண்டு வார்த்தை. வெயிலின் புற ஊதாக் கதிர் புரதச் சங்கிலியை அறுக்கும், வெள்ளைப் பட்டைப் பழுப்பாக்கும். ஆகவே நிழலில் உலர்த்துங்கள். வியர்வையும் சென்ட்டும் இழைக்கு ஆகாது. கட்டி அவிழ்த்ததும் மடித்து வைக்காமல் காற்றாட விடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கே முறியும். மும்பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் உறையை விட்டுவிட்டுப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே நல்லது. நம் பாட்டிமார் செய்ததும் அதுதான்.

முடிவுரை

ஒரு முக்கோண இழை, அதற்குள் கொசுவம்போல் மடிந்த சங்கிலிகள் என்று பட்டின் உள்ளமைப்பை ஓரளவு பார்த்தோம். பல்முனை ரேயானையும் அச்சில் வார்த்த பாலியெஸ்டரையும் அதோடு ஒப்பிட்டோம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த பிறகும் கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று எதற்கும் நாம் பட்டைத் தேடுகிறோம். தேடுவதைத் தெரிந்து தேடினால் நம் பணமும் மிஞ்சும், நெய்தவருக்கும் உரியது போய்ச் சேரும். வீட்டுப் பிள்ளைகளில் யாராவது பள்ளி நுண்ணோக்கியில் அம்மாவின் புடவை நூல் ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். பசை நீக்கிய பட்டு, ரேயான், பாலியெஸ்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.